எண்ணப்பட்ட தோசைகள்

பிப்ரவரி 3, 2025
காலையிலேயே தோசைக் கணக்கு. "அண்ணிக்கு இது நாலாவதா?" என்று விஜயா சிரித்தாள். அது மூன்றாவது. அவளும் மூன்றுதான் தின்றாள். ஒல்லி நாத்தனார் தின்பதை யார் எண்ணுகிறார்கள்? அத்தையும் இவரும் என் தட்டையே பார்த்தார்கள்.

பிப்ரவரி 9
வேலூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். குண்டானவர்களின் தசை சாப்பாட்டை எப்படி எரிக்கிறது என்று பார்க்கிறார்களாம். டாக்டர் ஹெலன் ஒளிக்காமல் சொன்னார்: "இது வைத்தியம் இல்லம்மா. இதால நீங்க இளைக்க மாட்டீங்க. இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்."
இளைக்க வேண்டாம். நான் திருட்டுத்தனமாகத் தின்னவில்லை என்று யாராவது சொன்னால் போதும்.

பிப்ரவரி 20
வெறும் வயிறு. தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டு வைத்து மூச்சை அளந்தார்கள். பிறகு தொடையை மரத்துப்போகச் செய்து, பருப்பளவு தசை எடுத்தார்கள். வலிக்கவில்லை. அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 22
கம்பெனியில் ஷூ தைக்க உட்கார்ந்தால் தொடைக் கட்டு உறுத்துகிறது.

மார்ச் 6
ஒப்பிட்டுப் பார்க்க, என் வயதில், இதே தையல் வேலை செய்யும் ஒல்லியான ஒருத்தி வேண்டுமாம். பக்கத்து மெஷினில்தானே விஜயா. கேட்டேன். "வர்றேன் அண்ணி. யாரு ஜாஸ்தி துன்றதுன்னு தெரிஞ்சிடும்," என்றாள். எனக்கும் அதுதான் வேண்டும்.

மார்ச் 14
விஜயாவைச் சேர்க்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். மறுபடி எடுத்துப் பார்த்தும் அதேதான். "நான் ஒல்லிதானே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.
எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. ஆமாம், வந்தது. ஆம்பூர் வரும்வரை பஸ்ஸில் அவள் என் கையை விடவில்லை. "அம்மாகிட்ட சொல்லாத அண்ணி. அப்புறம் என் தட்டையே பாத்துக்கினு இருப்பாங்க."
என்னிடம் சொல்கிறாள் — என்னிடம்.

மார்ச் 16
அவள் மாத்திரை என் டிபன் பையில்.

ஜூன் 10
டாக்டர் பேசினார். என் தசை கொழுப்பை மெதுவாகத்தான் எரிக்கிறதாம். "உடம்பு போட்டதுக்கு அதான் காரணமா, உடம்பு போட்டதால அப்படி ஆச்சா, இன்னும் தெரியாதும்மா." அவ்வளவுதான். வீட்டில் போய்ச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஜூன் 12
அத்தை விஜயாவின் தட்டில் மூன்றாவது தோசையைப் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். "பசிக்குது அத்தை."
"அவ தட்டுலேந்து கூடவா?" என்றார் அத்தை. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
விஜயா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணிய அப்படிப் பாக்காதம்மா. எனக்குத்தான் சுகர் இருக்குது. அதான் எடுத்துக்கினாங்க."
அடுப்பில் தோசை தீய்ந்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.