பின்னறைக்கு வந்த ஒயர்

ஆகஸ்ட் 12, திங்கள்

புழுக்கம். காற்று கடல் பக்கமிருந்து வரவில்லை, எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து. ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் நாற்றம். பாதி திறந்து வைத்திருக்கிறேன்.

நாளை கேபிள் பாபு வருகிறாராம். சேகர் சொன்னார். (இனி சே. என்றே எழுதப்போகிறேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எழுதுவதில் புருஷன் பெயரை முழுசாக எழுதக்கூட கை ஒத்துழைப்பதில்லை.) கூடத்து டிவியிலிருந்து இந்த அறைக்கு ஒரு ஒயர். அவ்வளவுதான் விஷயம். எனக்கோ காலையிலிருந்து வெளியூர் கிளம்புகிற பரபரப்பு.

ஏழாம் மாதம். முன்பு இரண்டு கரு தங்கவில்லை. அதனால் இந்த முறை கருப்பை வாயில் தையல். கழிப்பறைக்கு மட்டும் எழுந்திருக்கலாம், மற்றபடி படுக்கை, டாக்டரம்மா உத்தரவு. படுத்தால் தெரிவது: ஜன்னல், பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய், சில நேரம் குழாய் மேல் காக்கை. போனில் படம் பார்க்கலாமே என்கிறார்கள். பார்த்தேன். தலைசுற்றல், வாந்தி.

காது மட்டும் நன்றாக வேலை செய்கிறது. கூடத்தில் அத்தை பார்க்கும் சீரியலை இங்கிருந்து கேட்டுக் கேட்டு அதில் வருகிற எல்லோரையும் தெரியும். கனத்த குரல் மாமியார்: உயரம், பருமன், பெரிய பொட்டு. அழுகிற மருமகள்: ஒல்லி, மாநிறம். இருமுகிறவர்: வழுக்கை. முகம் ஒன்றும் பார்த்ததில்லை. நானே கொடுத்த முகங்கள்.

அத்தை என்றால் சே.யின் அம்மா. காசிமேட்டில் மீன் விற்றவர், முட்டி தேய்ந்த பிறகு வீட்டோடு. எனக்குச் சமைப்பது, துவைப்பது எல்லாம் அவர்தான். ஆனால் பேச்சு கிடையாது. போன வருடம் இரண்டாவதும் கலைந்த அன்று, சமையலறையில் யாரிடமோ போனில், "தங்காத வவுறுமா அது" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது. அன்றிலிருந்து நடுவில் சே.தான்.

"அம்மாகிட்ட உப்பு கம்மியா போட சொல்லுங்க."

"அவள பால குட்ச்சிட சொல்லுடா."

தட்டை ஸ்டூலில் வைக்கும்போது அவர் என் முகம் பார்ப்பதில்லை. நானும்.

வாங்க வேண்டியவை: இரும்பு மாத்திரை, ரஸ்க், ஜங்ஷன் பாக்ஸ், கொசுவத்தி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் தூறல், பத்து மணிக்கெல்லாம் மறுபடி வெயில். பாபு வந்துவிட்டார். பெரிய உடம்பு போலிருக்கிறது, நடந்தால் தரை அதிர்கிறது. கூடத்துப் பேச்சு அப்படியே:

"மாமு, ரெண்டு செட்டாப் பொட்டி போட்டா ரெண்டு சேனல் பாக்கலாம். ஒரே பொட்டிலேர்ந்து ஒயர் இஸ்தா, இங்க இன்னா ஓடுதோ அதான் அங்கயும் ஓடும்."

"பொட்டி எப்போ கெடைக்கும்?"

"ஸ்டாக் இல்ல. எப்போ வருமோ தெர்ல."

"அப்போ ஒயரே இழு. அவ பேஜாராய்கினு கீறா."

அத்தை குரல்: "ரிமோட்டு யார்கிட்ட இருக்கும்?"

"பொட்டி இங்க தான கீது, ரிமோட்டும் இங்கதாம்மா."

"அப்ப சரி."

சமையலறைக் கதவுக்கு மேலாக ஒயர் வந்தது. பிறகு என் சுவரில் துளை. கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். சத்தம் பல்லில் இறங்கியது. அதைவிட ஆச்சரியம், வயிற்றுக்குள் பாப்பா ஒரு துள்ளல். தூக்கத்தில் திடுக்கிட்டவர்கள் மாதிரி. காது கேட்க ஆரம்பித்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்தான். சொல்லிக் கேட்பது வேறு. நான் கேட்ட சத்தத்தை எனக்குள்ளிருந்து இன்னொருவரும் கேட்டார்! சிலிர்த்துவிட்டது. பாப்பாவுக்கும் நாங்கள் எல்லோரும் குரல்கள்தான், முகம் கிடையாது.

சிமெண்டுத் தூள் பறந்தது. அத்தை வேகமாக உள்ளே வந்து, தன் பழைய புடவையை நனைத்துப் பிழிந்து என் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். துளையிட்டு முடிந்ததும் போய்விட்டார்.

துளை. ஒயர் நுழைவதற்கு முன் கொஞ்ச நேரம் வெறும் துளையாகவே இருந்தது. கூடத்து வெளிச்சம் அதன் வழியாக வந்து என் போர்வையில் விழுந்தது, பொட்டு மாதிரி. தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தேன். காலண்டரின் ஒரு மூலை, மின்விசிறியின் இறக்கை ஒன்று. இத்தனை வாரமாகப் பார்க்காத என் வீட்டுக் கூடம். ஏதோ தேசத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அப்புறம் ஒயர் வந்து அடைத்துவிட்டது.

டிவி நாளைக்குத்தான். சே.யின் நண்பர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிவி.

ஆகஸ்ட் 14, புதன்

படம் வந்துவிட்டது. முதலில் புள்ளி புள்ளியாக. பாபு ஒயர் முனையைத் திருகினார், பளிச்.

சீரியல் நேரம். சே.யைக் கூடப் பேசவிடவில்லை. கனத்த குரல் மாமியார் வந்தாள். ஐயோ! என் தோளுயரம்கூட இருக்க மாட்டாள். வத்தல். அந்த உடம்புக்குள் அந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறாள்? அழுகிற மருமகள்தான் நெடுநெடுவென்று, வாசல் நிலையில் தலை இடிக்கும் போல. இருமுகிறவருக்குச் சுருள் சுருளாக முடி. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை வாரம் இந்த அறையில் என்னோடு இருந்தவர்கள் யார் அப்போது?

விளம்பரம் வந்தது. சட்டென்று சேனல் மாறி ஏதோ பழைய படப் பாட்டு. அப்புறம் செய்தி. அப்புறம் யாரோ வெண்டைக்காய் நறுக்குகிறார்கள். கூடத்தில் ரிமோட் அத்தை கையில், இங்கே என் உலகம் ஆடுகிறது.

"அத்தே! மாத்தாதீங்க, அதுலயே வைங்க!"

என் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் உறைத்தது. வெண்டைக்காய் நறுக்குகிறவர் நறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சேனல் திரும்பியது, சீரியல். கொஞ்சம் கழித்து, சுவரைப் பார்த்துச் சொல்வது போல ஒரு குரல்:

"மருமவ கழுத்துல இருந்த செயின காணோம் பாத்தியா?"

"பாத்தேன் அத்தே. சின்னவ எடுத்திருப்பா."

"அவதான். மூஞ்சே சொல்லுது."

அவ்வளவுதான். நடுவில் கடைக்குப் போயிருந்த சே. திரும்பியதும் சொன்னேன். நம்பவில்லை.

"யாரு, எங்கம்மாவா? ஒன்கிட்டயா?"

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் கொடியேற்றம், அணிவகுப்பு, இரண்டு அறையிலும். கூடத்துச் சத்தம் சுவர் வழியாகவும் ஒயர் வழியாகவும் வருவதால் எல்லாமே இரட்டிப்பாகக் கேட்கிறது. குண்டு முழக்கத்தில் பாப்பா இரண்டு உதை.

அத்தை அங்கிருந்து: "எப்டி கால தூக்குறானுங்க பாரு, எல்லாம் ஒண்ணா!" நான் இங்கிருந்து: "ஆமா அத்தே." சே. என் அறை வாசலில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேலை போய்விட்டது.

மதியம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டார். லீவு இல்லை. கன்டெய்னர் வரிசையில் நின்றால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாலை. வீட்டுக்கு வந்தாயிற்று.

காலை இட்லிக்குப் பிறகு பாப்பா அசையவில்லை. முதலில் பெரிதாக நினைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். தடவிக் கொடுத்தேன். கூப்பிட்டேன். மதியம் ஆனது. வயிறு கல் மாதிரி. முன்பு இரண்டு முறையும் இப்படியொரு அமைதிதான் முதலில் வந்தது. சே.க்குப் போன் போட்டேன், வரிசையில் எங்கோ நிற்கிறார், லைன் கிடைக்கவில்லை.

"அத்தே!"

டிவியில் பாட்டு, இரண்டு அறையிலும் உச்சத்தில். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து ஓடவும் பயம். ஸ்டூலிலிருந்த சொம்பை எடுத்துச் சுவரில் இடித்தேன். இடித்தேன், இடித்தேன். பாட்டு நின்றது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாடி?"

"அசையல அத்தே. காலைலேர்ந்து."

எப்போது, எப்படி, எதைத் தின்றாய், ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்குப் போனார். மீன் ஏலத்தில் கேட்டிருக்கக்கூடிய குரல்: "டேய் மணி! சோறு அப்பால துன்னுக்கலாம், ஆட்டோவ எடுறா!" தெருவே திரும்பியிருக்கும். எதிர் வீட்டு மணி கையைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை, ஹேண்டில் பிடியில் ரசம் வாசனை.

வழி நெடுக டிரெய்லர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தை என் முதுகுக்குக் கீழே தன் கையைக் கொடுத்தார். "மெதுவா போடா" என்பார், உடனே "சீக்கிரம் போடா" என்பார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்தார். கரகரப்பு. நகர்த்தினார். கரகரப்பு. இன்னும் நகர்த்தினார்.

அப்புறம் வந்தது. டபடபடபடப. ஃபைபர் படகு கரையை விட்டுக் கிளம்பும்போது கேட்குமே, அந்த வேகம், அந்தப் பிடிவாதம். சின்ன அறை, சுவரெல்லாம் அந்தச் சத்தம்.

"இன்னாது அது?" என்றார் அத்தை. இதுவரை அவர் ஸ்கேனுக்கெல்லாம் வந்ததில்லை.

"இதயம்மா. கொழந்தையோடது."

"அதுக்குள்ளயா? இம்மா சத்தமா?"

பிறகு அத்தை குனிந்தார். முட்டி வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். கோயிலில் நிற்பது போலக் கை கட்டி நின்றார். நர்ஸ் கருவியை எடுக்கப் போனபோது, "இன்னும் கொஞ்சம் வையேம்மா" என்றார். நர்ஸ் வைத்தார். மூன்று பேரும் கேட்டோம். என் கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். பாப்பா திரும்பிப் படுத்துத் தூக்கமாம். எல்லாம் சரி. உடனே வந்ததுதான் நல்லது, இனியும் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் வர வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஒரு சின்ன உதை. அத்தையிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் வழியில், ஆட்டோ சிக்னலில் நின்றபோது, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

"சேகருக்கு மின்னாடி எனக்கும் ஒண்ணு தங்கல. தங்காத வவுறு... எங்க மாமியா என்னிய சொன்ன வார்த்த அது. எவ்ளோ அய்திருப்பேன். அதே வார்த்த என் வாயில எப்டி வந்துச்சுனு தெர்லடி."

அவர் கை இன்னும் என் முதுகுக்குக் கீழேதான் இருந்தது. அதன் மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. நல்ல மழை, ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கிறது. சே. காலையில் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவர், அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். எழுப்பவில்லை.

மதியம் நாற்காலி இழுபடும் சத்தம். அத்தை கூடத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இங்கே வருகிறார். ஏனென்று கேட்காமலே காரணம் சொன்னார்:

"அங்க ஜன்னல் வெளிச்சம் டிவி மேல அடிக்குது. ஒண்ணியும் தெர்ல."

மழை நாள். வெளிச்சமாவது ஒன்றாவது.

கஷ்டம் என்னவென்றால் இங்கிருந்து ரிமோட் வேலை செய்யாது, பெட்டி கூடத்தில். சேனல் மாற்ற யார் எழுந்து போவது? நான் போகக் கூடாது, அவருக்கு முட்டி. சே. தூக்கம். அதனால் வந்ததையெல்லாம் பார்த்தோம். நகைக்கடை விளம்பரம், ஜோசியம், கடலுக்கடியில் மீன்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. அத்தை ஒவ்வொரு மீனுக்கும் பெயர் சொன்னார். "இது வஞ்சிரம். இத பாத்தியா, கானாங்கத்த, எப்டி போவுது பாரு." வாழ்நாள் முழுக்கக் கூடையில் பார்த்தவர். உயிரோடு, கூட்டம் கூட்டமாக, வெள்ளி மின்னத் திரும்புவதை இப்போதுதான் பார்க்கிறாராம். கை கன்னத்திலேயே இருந்தது. "இவ்ளோ அய்காவா இருந்துச்சுங்க இதுங்க."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வானம் வெளுத்திருக்கிறது. எங்கோ கல்யாண மேளம். நெத்திலிக் குழம்பு, உப்பு சரியாக.

சாப்பிட்டதும் கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை, மின்விசிறி இல்லை. அத்தை விசிறியோடு உட்கார்ந்து, ஏலத்தில் ஒருத்தி தன்னை ஏமாற்றப் பார்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதே குரல் ஏறியது. பாப்பா ஒரு உதை. நல்ல உதை, போர்வை மேலாகவே தெரிந்தது.

அத்தை பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார். "என் சத்தத்துக்கு பயந்துகிச்சா?"

"கையை வெச்சு பாருங்க அத்தே."

வைத்தார். மீன் வாசனை போகாத, சொரசொரப்பான, சூடான கை. அமைதி. காத்திருந்தோம். ஒன்றுமில்லை.

"பேசுங்க" என்றேன்.

"இன்னாத்த பேச?"

கேட்டதும் ஒரு உதை, சரியாக அவர் உள்ளங்கைக்குக் கீழே.

அத்தை கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். குனிந்து, வாயை வயிற்றருகே கொண்டுபோய், ரகசியம் கேட்பது போல: "இன்னா நைனா, யார்னு தெர்தா?"

உதை.

கரண்ட் வந்துவிட்டது. டிவியில் யாரோ என்னவோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏலக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.