தாலாட்டுக்கு ஆள் தேவை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு மர பீரோவை மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வீடு மாறுகிறவர்கள் எல்லோரும் ஏன் மூன்றாம் மாடிக்கே மாறுகிறார்கள் என்று எங்கள் கம்பெனி ஓனரிடம் கேட்டேன். கீழ்வீடு கிடைத்தவர்கள் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அதுவும் சரிதான். பீரோ காலி என்று சத்தியம் செய்தார்கள். உள்ளே இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒரு அம்மிக் கல் கனத்தில் கல்யாண ஆல்பம்.

வீட்டுக்கு வந்தால் டிவியில் தாலாட்டு. குத்துச்சண்டை உலக சாம்பியனுக்கு அவன் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எதிரே வருகிறவர்களை எல்லாம் தூங்க வைத்துவிடுவதால் தாலாட்டு. மாமியார் அவனுடைய பரம ரசிகை. ஒருவன் விழுந்து கிடக்க, 'எவ்வளவு பதவிசா நடந்துக்குது பாருங்க மாப்பிள்ளை' என்று உருகுகிறார். விழுந்தவனைப் பார்க்கக்கூட இல்லை.

இவள், என் மனைவி, வழக்கம்போல எழுந்து உள்ளே போய்விட்டாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க ரத்தமும் வாயுமாகப் பார்க்கிறவளுக்கு இது மட்டும் ஆகாது. என் சண்டை ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. இந்த மாதத்தோடு விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். விடப்போகிறேன். ஆனால் ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். இதை அவளிடம் சொன்னதில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

தாலாட்டோடு மோதத் தகுதியுள்ளவர்கள் என்று சங்கம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதில் நான் ஒன்பதாவது. எனக்கு முன்னால் எட்டு பேர் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இந்த வாரம்தான் தெரிகிறது.

முதல் ஆளோடு கடல் தாண்டி, ஒரு பெரிய ஹோட்டலில் சண்டை என்று பேச்சு. அந்த ஆளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டதாம். இரண்டாமவன், என் ஊருக்கு வந்தால் மோதுகிறேன் என்றான். தாலாட்டு சரி என்றான். உடனே இவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மூன்றாமவன் ஒரு குளிர்மலை ஊரைச் சொன்னான். அங்கே போனால் சாம்பியனுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று கணக்கு. அதற்கும் அவன் சரி என்றுவிட்டான். மூன்றாமவனுக்கு இப்போது முதுகுவலி.

பாவம் தாலாட்டு. எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்கிறான். அதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். பெரிய பாரம் இறங்கியது.

வேலை முடிந்து நேராக ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் போனில் இருந்தார். சுற்றிலும் ஸ்கிப்பிங் கயிற்றுச் சத்தம். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று, "மாஸ்டர், நான் நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் போனைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார். இவ்வளவு பாசம் வைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டுக் கை தட்டச் சொன்னார். ஒருவன் ஓய்வு பெறுவதற்கு இத்தனை மரியாதையா என்று எனக்கே கூச்சமாகப் போயிற்று.

இவளிடம் சொன்னேன். இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

பேப்பரில் என் படம். 'தாலாட்டுக்கு எதிரே நிற்கப்போவது இவர்தான்.'

அடப்பாவி மாஸ்டரே—

மார்ச் 10, மறுபடியும்

இப்போது கொஞ்சம் நிதானமாக. நேற்று போனில் இருந்தது சங்கத்துக்காரர். எட்டாவது ஆளும் கழன்றுகொண்டானாம். உங்கள் ஆள் நிற்பாரா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் போய் நின்னுக்கிறேன் என்றிருக்கிறேன். விட்டு நின்றுகொள்கிறேன் என்று நான் சொன்னது, எதிரே நின்றுகொள்கிறேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. வேறு எந்த வார்த்தையும் எனக்குக் கிடைக்கவில்லையா? 'விடுறேன்', 'போதும்', 'ஓய்வு'—எத்தனை இருக்கிறது.

இவளுக்கு நான் சொல்லும்முன்பே தெரிந்துவிட்டது. கிளினிக்கில் காத்திருந்த ஒருவர், வாயில் பஞ்சோடு, பேப்பரைக் காட்டி இது உங்க வீட்டுக்காரரா என்றிருக்கிறார். சாப்பாடு போட்டாள். நடந்ததைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பின்னாலேயே போனால், சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரிக்கிறாள். திரும்பி என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாளைக்கே போய் மாஸ்டரிடம் சரியாகச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள்.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. தாலாட்டோடு நின்று ஒரு போட்டோ எடுத்துத் தரவேண்டுமாம்.

மார்ச் 11, புதன்

போனேன். சொல்லவில்லை.

மாஸ்டர் ஜிம்முக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார், அதனால் சொல்ல மனம் வரவில்லை என்று எழுதலாம். அது பொய். உண்மை என்னவென்றால், பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது பயமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. எனக்கு நிற்கணும். அவ்வளவுதான். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் யாரும் கூப்பிடாததால்தான் போல.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, தெளிவாக.

ரொம்ப நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "போங்க. ஆனா வலிச்சா உக்காந்துடணும். வீம்புக்கு நிக்கக் கூடாது. நான் வர மாட்டேன், அதுவும் சொல்லிட்டேன்." என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ரவுண்டுக்கு ரவுண்டு நடுவில் ஸ்டூலில் உட்காருவோமே, அப்போது போதும் என்று தோன்றினால் எழுந்திருக்கக் கூடாது.

சரி என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

சண்டை நடக்கும் இடம் இறங்கிக்கொண்டே வருகிறது. எதிராளி நான் என்று தெரிந்ததும் கடல் தாண்டிய ஹோட்டல்காரர் போனை எடுப்பதில்லை. தலைநகர் ஸ்டேடியத்தில் அதே நாளில் பாட்டுக் கச்சேரியாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பாஸ்போர்ட்டுக்காகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டதுதான் தண்டம். அதில் திருடன் மாதிரி இருக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

இடம் முடிவாகிவிட்டது. நம் ஊர்க் கண்காட்சிக் கொட்டகை! மே மாதம் சோபா-கட்டில் கண்காட்சி முடிகிறது, அடுத்த வாரம் நாய்க் கண்காட்சி தொடங்குகிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை சும்மா கிடக்கிறதாம். அதில் உலக சாம்பியன் சண்டை. தாலாட்டைக் கேட்டதற்கு வழக்கம்போல, சரி.

இவளுடைய கிளினிக்குக்கு அடுத்த தெரு அது.

ஏப்ரல் 29, புதன்

உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும்.

மே 14, வியாழன்

ஓனர் லீவு தந்துவிட்டார், ஆனால் இன்று ஒரு நாள் வேலை செய்தே ஆகவேண்டும் என்றார். என்ன வேலை? கண்காட்சிக் கொட்டகையிலிருந்து சோபாக்களை வெளியே ஏற்றுவது. நாளை மறுநாள் உதை வாங்கப்போகிற இடத்தை நானே காலி செய்து கொடுத்தேன். கடைசியாக இருந்த மெத்தை சோபாவை அங்கேயே விட்டுவிடலாமே, விழுந்தால் உதவும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி. நானும் சிரித்தேன்.

மே 15, வெள்ளி

எடை பார்க்கும் இடத்தில் தாலாட்டை நேரில் பார்த்தேன். டிவியில் மலை மாதிரி தெரிகிறான். நேரில் சின்னப் பையன். காமிராக்காரர்கள் முறைக்கச் சொன்னதால் முறைத்தோம். முறைத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் கேட்டான்: "அண்ணே, நாளைக்கு நிஜமாவே வந்துடுவீங்கல்ல?"

வருவேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. காமிராக்காரர்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள்.

மே 17, ஞாயிறு

ஒரு கண்ணால் எழுதுகிறேன். மற்றது மூடியிருக்கிறது.

எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். ரிங்கில் ஏறியதும் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பார்த்தேன். மாமியார் மூன்றாவது வரிசையில், தாலாட்டு படம் போட்ட விசிறியோடு. பக்கத்து நாற்காலி காலி. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் ஒரு மாதிரி இருந்தது.

முதல் ரவுண்டில் அவன் என்னை இரண்டு தடவை தள்ளினான் என்று நினைக்கிறேன். மாஸ்டர் அது தள்ளல் இல்லை, குத்து என்றார். மூன்றாவதில் விழுந்தேன், எழுந்தேன். ஐந்தாவது ரவுண்டு வரை தாலாட்டுக்கு எதிரே இதுவரை யாரும் வந்ததில்லையாம், கூட்டம் கத்தியது. எனக்குப் பீரோ தூக்கிய முதுகு. குனிந்து, அணைத்து, பீரோவைச் சுவரோரம் நகர்த்துகிற மாதிரி அவனை நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஆறாவது முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது விலா எரிந்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. வலிக்கிறது, சத்தியம் செய்திருக்கிறேன். மாஸ்டரிடம் போதும் என்றேன். தோல்வியை ஒப்புக்கொண்டு ரிங்குக்குள் வீச, அவர் துண்டை எடுத்தார்.

அப்போதுதான் அந்தக் குரல். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மாமியார் பக்கத்து நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு— இவள். எப்போது வந்தாள்? கத்திக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, எழுந்திரிங்க. அவருக்கு இடது பக்கம் பல்லு வலிக்குது. வாயத் தொறந்துதான் மூச்சு விடறாரு. எழுந்திரிங்கன்னா."

உட்காரச் சத்தியம் வாங்கியவளே எழுந்திரு என்றால் நான் என்ன செய்ய? எழுந்தேன்.

ஏழாவது ரவுண்டில் அவன் இடது கன்னத்தில் ஒன்று கொடுத்தேன். நன்றாகவே பட்டது. தாலாட்டு ஒரு அடி பின்னால் போனான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது கொட்டகையின் கூரை.

கண் விழித்தபோது இவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், வேகமாக எண்ணிவிட்டாராம். கொஞ்சம் தள்ளி மாமியார் தாலாட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பின்னணியில் என் கால் விழுந்திருக்கிறது.

மே 17, சாயங்காலம்

எழுத மறந்தது. தாலாட்டின் பல் நிஜமாகவே விரிசல் விட்டிருந்தது. ராத்திரியே இவள் டாக்டரை எழுப்பி, கிளினிக்கைத் திறக்க வைத்து, அவனைக் கூட்டிப் போயிருக்கிறாள். ஊசியைப் பார்த்ததும் இவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். வேர் சிகிச்சை, பல தடவை வரவேண்டியிருக்கும். என் வீட்டில் எனக்கு ஒத்தடம் கொடுக்க மாமியார்தான் இருந்தார். அதுவும் அவனைப் புகழ்ந்துகொண்டே.

ஜூன் 10, புதன்

விட்டுவிட்டேன். இந்த முறை மாஸ்டரிடம் 'ஓய்வு' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதியும் கொடுத்தேன். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. ஓட வேண்டியதில்லை. படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கிறேன். சலிப்பாக இருக்கிறது. வாக்கு வாக்குதான். ஆனால் சலிப்பாக இருக்கிறது.

ஜூன் 24, புதன்

இவள் இன்று தாமதமாக வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் எதிரே உட்கார்ந்தாள். தாலாட்டுக்கு இன்றோடு பல் வேலை முடிந்ததாம். அடுத்த சண்டைக்கு முதல் ஆளிலிருந்து எட்டாவது ஆள்வரை மறுபடி எல்லோருக்கும் உடம்பு சரியில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு இவளிடம் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். டாக்டர் பஞ்சை எடுத்த பிறகுதான் புரிந்திருக்கிறது. அண்ணன் இன்னொரு தடவை வருவாரா, ஊர் அவரே சொல்லட்டும், எங்கே என்றாலும் சரி.

நீ என்ன சொன்னாய் என்றேன்.

"வருவார்னுட்டேன்."

சண்டையை விடுவதாகக் கொடுத்த வாக்கை ஞாபகப்படுத்தினேன். வாங்கினவள் நான்தானே, நானே விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றாள். இரண்டு வாரமாக நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை அவளும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாளாம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

அப்புறம்தான் ஊர் ஞாபகம் வந்தது. உலகத்தில் எந்த ஊர் என்றாலும் சரி என்று சாம்பியனே சொல்லியிருக்கிறான். எந்த ஊரைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"இங்கேயேதான். வெளியூர்னா எனக்கு லீவு கிடைக்காதே."

நாளைக் காலையில் ஓட வேண்டும். படுக்கிறேன்.