மாமியார் வாயை அடைச்ச வளைவு

ஜூன் 4

மச்சானுக்கு,

போன சனிக்கிழமை காலைல பத்து நாப்பதுக்கு எனக்கு ஃபோன் வந்துச்சு. எங்க ரயில்வே ஆஃபீஸ்லருந்து. "வளைவுல தண்டவாளத் தேய்மானம் அளந்துட்டிருந்த இன்ஜினியரம்மா மேல வண்டி மோதி, அங்கயே போயிட்டாங்க"ன்னாங்க. அவ என் பொண்டாட்டின்னு பேசினவருக்குத் தெரியல. "சரிங்க"ன்னு வெச்சுட்டேன்.

கூட நின்னவர் நீங்க. அவளுக்கு அண்ணன். வண்டி வர்றது ஏன் அவளுக்குத் தெரியல? அது ஒண்ணுதான் கேக்கத் தோணுது. மத்தபடி சாப்பிடறேன், தூங்கறேன். அவ துண்டு கொடியில அப்படியே கெடக்கு.

உங்க மாப்பிள்ளை


ஜூன் 9

மாப்பிள்ளைக்கு,

கேம்ப்புல சிக்னல் இல்ல, அதான் எழுதறேன். நேரத்துக்குச் சாப்பிடறீங்களே, அது போதும்.

அந்த வளைவுல திரும்பறப்ப சக்கரம் தண்டவாளத்த உரசிக் கிறீச்சுன்னு கத்தும். ரொம்பத் தூரத்துக்குக் கேக்கும். தண்டவாள வேலை பாக்கற எங்க ஆளுங்க அதுக்கு வெச்ச பேரு மாமியார். "டேய், மாமியார் வர்றாடா!"ன்னா எல்லாரும் ஒதுங்கிடுவோம். விசில் ஊத ஆள் உண்டு. அவரும் காதைத்தான் நம்புவார்.

சக்கரம் வளைவோட தானாத் திரும்பறதுக்கு நீங்க ஸ்டியரிங் மாட்டின வண்டிங்க உரசறதுமில்ல, கத்தறதுமில்ல. எது கத்தும், எது கத்தாதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. அன்னைக்கு அளவு பார்த்துட்டு தங்கச்சி சிரிச்சா. "அண்ணே, தேய்மானம் பாதியாயிடுச்சு. உன் மாப்பிள்ளை மாமியார் வாயையே அடைச்சுட்டார்!" சொல்லிட்டு மறுபடி குனிஞ்சா. நான் தண்ணி குடிக்கத் திரும்பினேன்.

உங்கமேல கோவமான்னு எனக்கே தெரியல. மிச்ச வண்டிக்கும் மாட்டப் போறாங்களாமே? வர்ற திங்கக்கிழமை எங்களுக்கு அதே வளைவுலதான் வேலை.

மச்சான்


ஜூன் 14

மச்சான்,

சரக்கு ரயில்ல வர்ற கார்டுகிட்ட இதக் குடுத்தனுப்பறேன். இன்னைக்கே உங்களுக்கு வந்துடும்.

மிச்ச வண்டிக்கு நான் கையெழுத்துப் போடல. மாட்டின வண்டிங்கள ஷெட்டுக்கு வரவெச்சு, ஸ்டியரிங்க நானே நிறுத்திட்டேன். சக்கரம் பழையபடி உரசட்டும். தண்டவாளம் தேயட்டும்.

ஒரு வண்டி மட்டும் ஷெட்டுக்கு வரல. வழியில எங்க இருக்குன்னு யாரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்க. நாளைக்கு யாரையும் வளைவுல இறக்காதீங்க மச்சான். மேஸ்திரி திட்டினா திட்டட்டும். சத்தம் கேக்கலன்னா வண்டி இல்லன்னு அர்த்தம் இல்ல.

எல்லாத்தையும் திரும்ப ஓடவிடச் சொல்லி மேலதிகாரி விடாம கூப்பிட்டுட்டே இருந்தார். ஃபோனை ஆஃப் பண்ணிட்டேன்.

மாப்பிள்ளை