இடது கையால் எழுதிய டெண்டர்

கள்ளக்குறிச்சி
8.1.2025

அன்புள்ள அக்கா ஷர்புன்னிசாவுக்கு, தம்பி அன்சர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பௌசியாவும் புள்ளைங்களும் சுகம். தில்லிக் குளிர்ல உன் முட்டிவலி எப்படி இருக்கு?

விசாரணை முடியறவரைக்கும் போன் வேணாம், வாட்ஸப் வேணாம், சொல்றதை கடிதமா எழுதுன்னுட்டே. கூடப் பொறந்தவகிட்ட பேச நான் போஸ்டாபீசுக்கு நடந்துகினு இருக்கேன். பௌசியா பாத்துப் பாத்து சிரிக்கிறா.

விஷயம் இதுதான். கல்வராயன் மலை விடுதிங்களுக்கு சாமை அரிசி சப்ளை. நாட்டுக்கே ஒண்ணுன்னு நீங்க தில்லில உக்காந்து பண்ணீங்களே, அந்த டெண்டர் தளத்துல மூணு பேர் போட்டோம். நான், நம்ம சர்புதீன் மச்சான், வெள்ளிமலைப் பக்கத்துல சின்னப்பொண்ணு நடத்துற மகளிர் குழு. மூணும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து வந்துச்சாம். அதனால மூணு பேரும் கூட்டுக் களவாணிங்களாம். பிப்ரவரி பத்துக்குள்ள விளக்கம் குடு, இல்லன்னா மூணு பேருக்கும் ரெண்டு வருஷம் தடைன்னு ஓலை வந்திருக்கு.

வேற எந்த கம்ப்யூட்டர்ல போடுறது? ஊர் வியாபாரிங்க பாதிப் பேருக்கு ஆகாஷ் நெட் சென்டர்தான் கதி. கையெழுத்துக்குன்னு ஒரு சாவி குடுத்தீங்களே, பென் டிரைவ் கணக்கா, அது எல்லாருதும் அவன் மேசை டிராயர்லதான் கெடக்குது, பேர் எழுதி ரப்பர் பேண்ட் போட்டு. மலையில சிக்னல் இல்ல. சின்னப்பொண்ணு பஸ் புடிச்சு எறங்கி வந்து போட்டுட்டுப் போச்சு. இது இன்னா கூட்டு? இப்படி ஒரு விதியை எந்த மகராசன் எழுதினான்னு கேட்டுச் சொல்லு.

உன் துஆவை நாடும்
அன்சர்


புது தில்லி
15.1.2025
(கோப்புக்கு நகல் உண்டு)

அன்புள்ள தம்பி அன்சருக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். முட்டிவலி குளிருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி நலம்.

அந்த விதியை எழுதியது நான்தான்.

உன் பெயர் பட்டியலில் வந்த அன்றே, இவன் என் தம்பி என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் விஷயத்தில் முடிவெடுக்கப் போகிறவர்கள் வேறு ஆட்கள். நாம் எழுதிக்கொள்வதெல்லாம் நகலாகவும், ஆங்கிலச் சுருக்கமாகவும் கோப்பில் சேரும். அதை மனதில் வைத்து எழுது.

சிக்னல் இல்லாத மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தால் எல்லோரும் உட்காரும் அதே கணினியில்தான் அவளும் உட்காரவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் பிழை. விதியைத் திருத்தச் சொல்லிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. சர்புதீன் மச்சான் அந்த டெண்டரைத் தானே போட்டாரா, அல்லது உன் டெண்டருக்குத் துணையாக நீயே போட்டதா? ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா
ஷர்புன்னிசா


கள்ளக்குறிச்சி
21.1.2025

அக்காவுக்கு, ஸலாம்.

மச்சான் சாவியில மச்சான் டெண்டர். அவ்ளோதான். கோப்புல சேத்துக்கோ.

நீ ஏன் கேக்கிறேன்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்க ஆபீசருக்குத் தெரியுமா? ஒத்தை டெண்டர் வந்தா பிரிக்க மாட்டாங்கன்னு அத்தா எப்பவும் தன்னோடதுக்குத் துணையா இன்னும் ரெண்டு பேர் பேர்ல விலை ஏத்திப் போடுவாரு. அவங்க போடும்போது இவரு பேரைக் குடுப்பாரு. கடைவீதியில அது ஒரு மரியாதை. அந்த மூணு உறையும் எழுதினது யாரு? உனக்குப் பதினோரு வயசு. ஒண்ணு நீல மையில, ஒண்ணு பச்சை மையில, மூணாவது இடது கையால. எம்பொண்ணு எழுதினதை கலெக்டரே கண்டுபிடிக்க முடியாதுன்னு அத்தா உன்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தாரு. எனக்கு ஒரு வாய்கூடக் குடுக்கல நீ.

அந்த டெண்டர்ல வந்த வியாபாரத்துலதான் நீ இஞ்சினியர் ஆனே. அத்தா மௌத்தாகி பத்து வருஷம் ஆகுது, இப்ப வந்து என்னை விசாரிக்கிறே. இதையும் நகல் எடுத்து வை.

அன்சர்


புது தில்லி
28.1.2025
(கோப்புக்கு நகல் உண்டு)

தம்பி அன்சருக்கு,

உன் கடிதம் கோப்பில் சேர்ந்துவிட்டது.

இந்தத் தளத்தை வடிவமைக்கத் தொடங்கியபோது, வியாபாரிகள் எப்படிக் கூட்டுச் சேர்கிறார்கள் என்று எங்களைக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு வியாபாரி வீட்டைப் பற்றிச் சொன்னேன். மூன்று உறை, மூன்று கையெழுத்து, எழுதியது ஒரே ஆள். அதிலிருந்து பிறந்ததுதான் ஒரே கணினி என்ற விதி.

மச்சான் சாவி என்று எழுதியிருக்கிறாய். மச்சான் கை என்று நீ எழுதவில்லை. உனக்குப் பொய் சொல்ல வராது அன்சர், எப்போதும் பாதியில்தான் நிற்பாய்.

பத்தாம் தேதிக்குள் யாரும் உள்ளதைச் சொல்லாவிட்டால் மூன்று பேருக்கும் தடைதான். என் குறிப்பு ஏற்கப்பட்டாலும் பழைய வழக்கை அது காப்பாற்றாது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்தால் சம்பந்தமில்லாதவரை விட்டுவிடுவார்கள். நீ சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.

ஷர்புன்னிசா


கள்ளக்குறிச்சி
3.2.2025

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முந்தாநாள் சின்னப்பொண்ணு கடைக்கு வந்துச்சு. முதல் பஸ்ஸுக்கே கெளம்பி வந்திருக்கு. குழுவில இருபத்திரெண்டு பொம்பளைங்க, அறுத்து அடிச்ச சாமை மூட்டை மூட்டையா ஒவ்வொருத்தி வூட்டுலயும் நிக்குதாம். ஓலைக்குப் பதில் எழுதத் தெரியாம, எழுதித் தாங்கன்னு என்கிட்டயே வந்துச்சு. கடைவீதியில என்னைத் தவிர அதுக்கு யாரையும் தெரியாது.

பேப்பர் எடுத்து வெச்சுக்கினு உக்காந்தேன். "கூட்டுன்னா இன்னாண்ணே? நானு யார்கூட சேந்துக்கினேன்னு எழுதணும்?" அப்படின்னுச்சு. யார்கூடவும் சேரலன்னு எழுதும்மான்னேன். "நான் சொன்னா நம்புவாங்களாண்ணே? நீங்க சொன்னா நம்புவாங்க" அப்படின்னுச்சு. அதுக்கு மேல என் கை ஓடல. நாலு நாள் கழிச்சு வாம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அம்பது மைல் போக வர அலையுது அது.

எழுதிக்கோ. டிசம்பர் இருபத்தேழு காலையில ஆகாஷ் கடையில என் டெண்டரைப் போட்டேன். அப்புறம் டிராயர்ல இருந்து மச்சான் சாவியை எடுத்து, என்னைவிட விலை ஏத்தி அவர் பேர்லயும் நானே போட்டேன். மச்சான் திருநாவலூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தாரு. போன்ல சொன்னேன், போட்டுக்கோ மாப்ளேன்னாரு. சாப்பிட வூட்டுக்குப் போய்ட்டேன். சின்னப்பொண்ணு வந்தது அதுக்கப்புறம், மத்தியானம். அதுவும் டெண்டர் போடுதுன்னே எனக்குத் தெரியாது. ஆகாஷைக் கேட்டா சொல்லுவான்.

தப்புன்னு நினைச்சுப் பண்ணல அக்கா. அத்தா பண்ணதைத்தான் பண்ணேன். ஆனா நீ கேட்டப்ப மறைச்சேன் பாரு, அது தப்புன்னு தெரிஞ்சேதான் பண்ணேன்.

விடுதி சப்ளை போனா லோடு வண்டியை விக்கணும். மச்சான் இனி என் வாசப்படி மிதிக்க மாட்டாரு. பௌசியாகிட்ட இன்னும் சொல்லல. பயமா இருக்கு. உன்மேல கோவமாவும் இருக்கு.

ஒரு வரி விடாம நகல் எடு.

அன்சர்


புது தில்லி
27.2.2025

டேய் அன்சர்,

உத்தரவு உனக்கும் வந்திருக்கும். சின்னப்பொண்ணு குழுவை விடுவிச்சு சப்ளையை அவங்களுக்கே குடுத்துட்டாங்க. உனக்கும் மச்சானுக்கும் ரெண்டு வருஷம். ஒரே கம்ப்யூட்டர்ங்கிற ஒண்ணை மட்டும் வெச்சு இனிமே யாரையும் முடக்கக் கூடாதுன்னு விதியையும் மாத்தியாச்சு. நாடு முழுக்க. கூட்டத்துல எனக்குக் கை தட்டினாங்க.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இங்க தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் இல்ல. இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதினதும் நான்தான். உன் ஜனவரிக் கடிதத்துல இடது கை, பச்சை மை, ரோஸ் மில்க் எல்லாத்தையும் விட்டுட்டேன். சம்பந்தமில்லாத குடும்ப விஷயம்னு ஒரு வரி போட்டேன். உன்னை உண்மை சொல்லுன்னு எழுதினேனே, அதுக்கு முந்தின நாள்தான் இந்த வேலையைப் பண்ணேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததும் என்னால உக்கார முடியல. அதை ஒரு வரி விடாம எழுதி எடுத்துக்கிட்டு, விட்ட பத்தியையும் சேத்து, ஆபீசர்கிட்ட போனேன். அந்த வியாபாரி வீடு எங்க வீடுதான் சார், அந்த உறையெல்லாம் எழுதினது நான்தான், இதை மறைச்சதும் நான்தான்னு சொன்னேன். வேலை போகும்னு நினைச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அவர் எல்லாம் கேட்டுட்டுச் சிரிச்சாரு. அதனாலதான் விதியை இவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்கன்னாரு. டீ வரவழைச்சாரு.

செஞ்சது ரெண்டு பேரும் ஒரே வேலைதான். மறைச்சதும் ரெண்டு பேரும்தான். உனக்கு ரெண்டு வருஷம், எனக்கு டீ. அதைக் குடிச்சிட்டுத்தான் வந்தேன்டா. வெக்கமா இருக்கு.

ரெண்டு மூணு நாள்ல நோன்பு. பெருநாளைக்கு ஊருக்கு வரலாம்னு இருக்கேன். பௌசியாகிட்ட கேளு, வூட்டுல சேத்துப்பாளான்னு. மச்சான் வீட்டு வாசப்படிக்கு நான் உன்கூட வரேன்.

இதுக்கு நகல் எடுக்கல. திட்டணும்னா மனசாரத் திட்டி எழுது. நான் ஒருத்திதான் படிப்பேன்.

அக்கா