அரிசி வண்டி ஏறாத மலை

சார்,

நேற்று கள்ளக்குறிச்சி பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண், சாமைச் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினாள். உங்கள் மாணவியாம், சென்னையில் பெரிய ஓட்டலுக்கு மேனேஜர். "சார் கடைசியா நடத்தின பாடம்க்கா" என்றாள். தாளின் தலைப்பில் என் கடையின் பேர். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். நான் ஐந்தாவதைத் தாண்டாதவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

வருஷா வருஷம் கேட்டரிங் காலேஜ் பிள்ளைகளை வெள்ளிமலைக்குக் கூட்டி வருவீர்கள். கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். என் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு ஓட்டல் எதை விற்பது, எதை விடுவது என்று நடத்துவீர்கள். ஸ்ட்ராடஜி என்பீர்கள். முதல் வருஷம், "ஏங்க்கா சாமை மட்டும்?" என்று கேட்டீர்கள்.

"மூணு மாசம் வர்றவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து முடிவு பண்ணேன் சார், சும்மாவா?" என்று அளந்துவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அதையே வருஷா வருஷம் பாடமாக நடத்துவீர்கள் என்று நான் கண்டேனா?

ஒரு தடவை உங்கள் காலேஜ் பெரியவர், பிரின்சிபாலும் கூட வந்தார். இலையில் உட்கார்ந்து அவரிடம் என் கதையை நீங்கள் பெருமையாகச் சொல்ல, எனக்கு நாக்கு அரித்தது.

"இன்னா சார், அதைப் போய் நம்பிக்கினு இருக்கீங்க? மழையில ரோடு சரிஞ்சு அரிசி வண்டி ஏறல. வேற வழியில்லாம சாமையப் பொங்கினேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதைத்தான் இத்தினி வருசமா நடத்திக்கினு இருந்தீங்களா?" என்றார் பெரியவர். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. நானோ அடங்காமல், "சாரோட ஸ்ட்ராடஜி ரசத்துல கரைஞ்சிடுச்சி" என்று இன்னொன்றும் போட்டேன். பாதிச் சோற்றோடு இலையை மூடினீர்கள்.

அப்புறம் நீங்கள் வரவேயில்லை. அடுத்த வருஷம் வந்தால் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீங்கள் இறந்த செய்திதான் வந்தது.

தாளில் என் பொய் இல்லை. அரிசி வண்டி ஏறாததை அப்படியே எழுதியிருந்தீர்கள். கீழே ஒரே கேள்வி: ரோடு சரியாகி வண்டி வந்த பிறகும் இவர் ஏன் சாமையை விடவில்லை?

"பதில் இன்னான்னு சார் சொன்னாரா?" என்றேன்.

"அக்காவுக்குத்தான் தெரியும், ஒருநாள் போய்க் கேக்கணும்னாரு. அப்பவே அவருக்கு உடம்பு முடியல."

சொல்கிறேன் சார். அரிசி வண்டி வந்த காலையில், எனக்குச் சாமை கொடுத்துவந்த மலைப் பெண்கள் மூட்டையோடு வாசலில் நின்றார்கள். இனி வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரையும் விடாத இந்த வாய் அன்று ஒருநாள்தான் அடங்கியது. "நாளைக்கும் எடுத்துக்கினு வாங்க" என்றேன். வந்த அரிசியைத் திருப்பிவிட்டேன். பெரியவர் முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பு வராதே என்று விட்டுவிட்டேன்.

என் கேலியெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யாராவது பாதிச் சோற்றில் இலையை மூடப் போனால் வாயைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா சார்?" என்று மட்டும் கேட்கிறேன்.