தங்கைக்குப் போன முதல் பதிப்பு

மார்ச் 4, செவ்வாய்

தங்கை என் பைண்டிங் பட்டறைக்கு வந்தாள். அப்பாவின் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி போல மேசையில் போட்டாள். "முதுகு விட்டுப்போச்சுக்கா. தைச்சுக் குடு."

பேரரசனின் காலில் விழ மறுத்துச் சிறைக்குப் போன துறவியின் கதை. நூறு வருடத்துக்கு முந்தைய முதல் பதிப்பு. புத்தகம் கட்டியே பிழைப்பவள் நான். அப்பா சாவதற்கு முன் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு பீரோ, அவளுக்கு இது. என்ன நியாயம்? வயிறு எரிகிறது. எழுதினால் அடங்குமா என்று பார்த்தேன். அடங்கவில்லை.

மார்ச் 5

அப்பா இதை எனக்குத்தான் படித்துக் காட்ட ஆரம்பித்தார். பாதியில் நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். மீதியை அவளுக்குப் படித்திருப்பார். முடிவைக் கேட்டவளுக்கே புத்தகமும். அந்த வீம்பில் நான் இன்றுவரை முடிவைப் படிக்கவில்லை.

மார்ச் 7

பழைய புத்தகக் கடையில் இதே நாவலின் மறுபதிப்பு, இதே அளவு. வாங்கிவிட்டேன். பழைய அட்டைக்குள் இதைத் தைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? மருந்துக் கடையில் வேலை, அவள் படிப்பதெல்லாம் மருந்துச் சீட்டு. அசல் தாள்கள் என் பீரோவுக்கு. திருட்டா? ஆமாம், திருட்டுதான்.

மார்ச் 9

தையலைப் பிரித்தேன். அந்தக் காலப் புத்தகங்களில் தாள் மடிப்பு வெட்டாமலே வரும். படிக்கிறவர்தான் கத்தியால் அறுத்துக்கொண்டே போக வேண்டும். 212ஆம் பக்கத்துக்குப் பிறகு ஒரு மடிப்புகூட அறுபடவில்லை.

தங்கைக்குப் போன் செய்தேன். "மீதியை அப்பா உனக்குப் படிக்கலையா?"

"கேட்டேன். அக்கா லீவுக்கு வரட்டும்னுட்டார். நீ வந்தப்பல்லாம் உனக்கு வேற வேலை. நீங்க ரெண்டு பேரும் படிக்கறப்ப நான் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பேன். ஒரு நாளாவது கூப்பிட மாட்டாரான்னு இருக்கும். அவர்கிட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கினதே அந்தக் கோவத்துலதான்."

நான் மட்டும்தான் பொருமிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேனே.

மார்ச் 10

அசல் தாள்களையே தைத்தேன். மறுபதிப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

தங்கையை வரச் சொன்னேன். திருடப் பார்த்ததைச் சொன்னேன். "நானா இருந்தா முதல் நாளே எடுத்திருப்பேன்," என்றாள்.

அவள் மடிப்பை அறுக்க அறுக்க நான் படித்தேன். ஒரு தாளைக் கோணலாகக் கிழித்தாள், திட்டினேன். நாற்பது பக்கம் ஆனதும் எழுந்தாள். "இங்கயே இருக்கட்டும். நான் இல்லாம படிச்சிடாதே."

மார்ச் 19

இரண்டு தரம் கையில் எடுத்தேன். படிக்கவில்லை.