சந்தேகப்படும் நபர்

ஜூன் 27, வியாழன். பீர்மேடு

துணி காயவில்லை. பக்கத்து வீட்டு முருகேஸ்வரி தன் அடுப்புக்கு மேல் கொடி கட்டி என் புடவையையும் போட்டிருக்கிறாள். நாளைக்கு நான் புகை வாடையோடுதான் நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டும்.

தீராத நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுவோடு இன்று நான்கு வீடு. ஈப்போவில் முப்பது வருடம் குற்றச் செய்தி எழுதினேன். இங்கே என் வேலை, நர்ஸ் ஜிஸ்மி புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பது. கடைசி வீடு சுவக்கீன். தொண்டையில் புற்று. வலிக்குத் தரும் மார்பின் மாத்திரை சனிக்கிழமை காலை வரை வரும்.

அவர் மனைவி கத்தரீனாள் கேட்டாள்: “மலேசியாம்மா, ஒங்க ஊர்லயும் தேயில உண்டா?”

“உண்டு.”

“பெறகு என்னத்துக்கு இங்க வந்து குளுருல கெடக்கீக?”

சுவக்கீன் சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும், இருந்தும் சிரித்தார்.

ஜூன் 29, சனி

மருந்துப் பை போய்விட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பஜாரில் மருந்துக் கடை முன்னால் ஜீப் நின்றது. கையுறை வாங்க இறங்கிய ஜிஸ்மி பையை என்னிடம் தந்தாள். கால் மரத்திருந்ததால் நானும் இறங்கி நின்றேன். டிரைவர் பினு இருக்கையிலேயே இருந்தான். “சுவக்கீனண்ணனுக்கு மார்பின் எடுத்தாச்சுல்ல?” என்று கேட்டான். எடுத்தாயிற்று என்றேன். சற்று நேரத்தில் இரண்டு முறை ஹாரன் அடித்தான். அப்போதுதான் ஒரு பைக் வந்தது. மழைக்கோட்டுக்குள் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டினான். தோள்பட்டை எரிந்தது. அவ்வளவுதான்.

பினு துரத்தினான். ஆனால் உடனே இல்லை. முதலில் இறங்கி என்னிடம் ஓடி வந்தான். பிறகுதான் வண்டியைத் திருப்பினான். அதற்குள் பைக் வளைவைத் தாண்டிவிட்டது.

மழைக்குப் பயந்து என் கைப்பேசியையும் அந்தப் பையில்தான் போட்டிருந்தேன்.

ஈப்போவில் சாலைப் பக்கத் தோளில் பை மாட்ட மாட்டேன். மாட்டாதீர்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! இங்கே மாட்டினேன். ஏன்? சுற்றிலும் தமிழ் கேட்கிறது என்றா?

இன்று சுவக்கீனுக்கு மாத்திரை இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

மார்பின் காணாமல் போனால் போலீஸ் ரசீது இல்லாமல் பதில் மருந்து தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. மரியாதையான மனிதர். வெளிநாட்டுக்காரி என்றதும் நாற்காலி போடச் சொன்னார். புகாரில் ‘சந்தேகப்படும் நபர்’ என்று ஓர் இடம் இருந்தது.

“அம்மே, ஆரு மேலயாவது சம்சயம் உண்டோ?”

பையில் மார்பின் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் அதைப் பற்றிக் கேட்டான், ஹாரன் அடித்தான், தாமதித்தான். மூன்றும் என் கண்ணெதிரே நடந்தவை. பெயரை எழுதினேன். கை தயங்கவில்லை.

வெளியே வந்ததும் ஜிஸ்மி வெடித்தாள். “சேச்சி, எந்தா இது? கடையில நான் நேரம் ஆக்கினா அவன் எப்பவும் ரெண்டு ஹாரன் அடிக்கும். என்னை விளிக்க. அதுக்கு நீங்க அவனைக் கள்ளனாக்கியோ?”

பல வருடம் கூடவே வேலை செய்தவள் அப்படித்தான் சொல்வாள். வேண்டியவர்களின் சாட்சியை நான் எப்போதும் கடைசியில்தான் வைப்பேன்.

ஜூலை 1, திங்கள்

மதியம்தான் மருந்து கிடைத்தது. பினுவை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதால் ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் சகாயத்தின் ஜீப்பில் போனோம். ஏறும்போதே அவர் சொன்னார்: “ஏறுங்கம்மா. பை, குடை, செருப்பு எல்லாஞ் சரியா இருக்கான்னு இப்பமே பாத்துக்கிடுங்க. எறங்குறப்ப ஒண்ணு கொறஞ்சா புகார்ல எம் பேரும் ஏறிருமே.” பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சுவக்கீன் என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். கத்தரீனாள் போர்வையின் ஓரத்தை எடுத்துக் காட்டினாள். நைந்து போயிருந்தது. “சனிக்கெழமைல இருந்து இதத்தான் கடிச்சிக்கிட்டுக் கெடந்தாக. சத்தம் வெளிய போயிரப்பிடாதாம்.”

மாத்திரை வேலை செய்யும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதைச் செய்தவனை விடக் கூடாது. அவன் யாராக இருந்தாலும்.

ஜூலை 2, செவ்வாய்

பினுவை விட்டுவிட்டார்கள். ஜீப்பை இன்னும் விடவில்லை. டீக்கடைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. என்ன மறைக்கிறார்கள்? அல்லது மறைக்க ஒன்றுமில்லாமல், என்னைப் பிடிக்காமல் மட்டும்தானா?

ஜூலை 5, வெள்ளி

ஊரில் ஒருத்தி என் பக்கம் இருக்கிறாள் என்றால் அது முருகேஸ்வரிதான். பினுதான் திருடன் என்பதில் அவளுக்கு என்னைவிட உறுதி. “போலீசு நாலு நாள்ல மறந்துரும். நீங்க வாங்கக்கா, காசு வெட்டிப் போட்டுருவோம்” என்று இன்று மாலை காளி கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

பொருளைப் பறிகொடுத்தவர் தெய்வத்திடம் முறையிட்டு ஒரு காசைக் கொடுக்க வேண்டும். பூசாரி அதை வாசற்கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டுவார். திருடியவனை அது விடாது என்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரு துணைக் கட்டுரைக்கு ஆகும் என்ற எண்ணத்தில்தான் போனேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பூசாரி காசைக் கல்லில் வைத்தார். உளியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“பேரச் சொல்லுங்கக்கா” என்றாள் முருகேஸ்வரி.

“பேர் வேண்டுமா?”

“ஆள் தெரியாதவுகதான் பேரில்லாம வெட்டுவாக. ஒங்களுக்குத்தான் தெரியுமே. பேரோட வெட்டுனாச் சுருக்காப் பிடிக்கும். பொய்ப் பேருன்னா வெட்டுனவுகளயே திருப்பி அடிக்கும், அது வேற. நமக்கென்ன பயம்? சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. பூசாரி உளியை மாற்றிப் பிடித்தார். அவருக்குக் கை வலித்திருக்கும். நான் காசைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் முருகேஸ்வரி, “என்னக்கா நீங்க, அம்புட்டுப் பேரு முன்னால” என்றாள்.

நம்பாத சாமியிடம் சொல்ல வராத பெயரை ஸ்டேஷனில் எப்படி எழுதினேன்? அங்கே அது திருப்பி அடிக்காது என்பதாலா?

ஜூலை 6, சனி

ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எழுதியதை அழிக்க முடியாது, வேண்டுமானால் இன்னொரு வாக்குமூலம் கொடுக்கலாம் என்றார் எஸ்.ஐ.

“அப்போ அவன் அல்லேன்னு எழுதட்டே?”

“தெரியாது.”

“அவன்தானோ?”

“தெரியாது என்று எழுதுங்கள்.”

அவர் அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி நடக்கும்போது மறுபடி அதே கேள்வி: ஏன் உடனே துரத்தவில்லை? சந்தேகத்தைத் திரும்பப் பெற முடிகிறது, நிறுத்த முடியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பை கிடைத்துவிட்டது. வளைவுக்குக் கீழே தேயிலைக்குள் வாய்க்கால் வாரிய பெண்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசி இல்லை. மார்பின் அட்டைகள் அத்தனையும் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

மார்பினுக்காகத் திட்டம் போட்டவன் மார்பினை வாய்க்காலில் வீச மாட்டான். பைக்கில் வந்தவர்களுக்குப் பையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. என் மூன்று காரணங்களும் ஒரே ஊகத்தின் மேல் நின்றிருந்தன. இப்படி ஒரு செய்தியை ஒரு பயிற்சி நிருபர் கொண்டு வந்திருந்தால் திருப்பித் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஜூலை 10, புதன்

பினுவின் வீட்டுக்குப் போனேன். ஜீப் திரும்ப வந்து வாசலில் நின்றது. தப்பு என்னுடையது என்றேன். ஏன் உடனே துரத்தவில்லை என்றும் — கேட்டேவிட்டேன்.

“நீங்க ரோட்டுல விழுந்து கெடந்தீங்கம்மா” என்றான்.

விழுந்தேனா? நான் எழுதியதில் அது இல்லை. ஆனால் முழங்காலில் இன்னும் பச்சையாக ஒரு கன்றல் இருக்கிறது. இத்தனை நாள் அதை எதில் இடித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்?

“சாரமில்லம்மா” என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். அவன் மனைவி வனிதா கதவடியில் நின்றாள். “அவுக சொல்லுவாக, சாரமில்லன்னு. எனக்கு அப்பிடிச் சொல்ல வரல. பள்ளிக்கூடத்துல எம் மககிட்ட, ஒங்கப்பன் என்னடி மருந்து விக்கானாமேன்னு கேக்காளுவ. நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவீக. நாங்க எங்க போவோம்?”

“ஏய், உள்ள போ” என்றான் பினு. அவள் போகவில்லை. நான்தான் வந்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

விடியும்போது சுவக்கீன் இறந்தார். வலி இல்லாமல்தான் என்று ஜிஸ்மி சொன்னாள்.

ஜூலை 22, திங்கள்

மிச்ச மாத்திரைகளைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஜிஸ்மியும் நானும் பினுவின் ஜீப்பில் போனோம். மற்ற வீடுகளிலும் மிச்ச மருந்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் அவன்தானாம். கத்தரீனாள் பொட்டலத்தைத் துணியில் சுற்றி அவனிடம்தான் நீட்டினாள்.

பினு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். “அந்தம்மாட்ட குடுங்க மைனி.”

“என்னடே இது, எப்பவும் நீதான கொண்டு போவ?”

“இனிமே இல்ல மைனி.”

கத்தரீனாள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டேன்.

பஜாரில் ஜிஸ்மி பழம் வாங்க இறங்கினாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். பினு வண்டியை அணைத்தான், சாவியை எடுக்காமல் இறங்கினான், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். நல்ல மழை. கடைகளின் ஓரத்தில் ஒதுங்க எவ்வளவோ இடம் இருந்தது. அவன் ஒதுங்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, கைகளைத் தொங்கவிட்டபடி, ஜிஸ்மி திரும்பி வரும்வரை வெட்டவெளியில் நனைந்துகொண்டு நின்றான்.